சிவப்பிக்கு நேரே இருந்த பெயர்

கெலபிலேயின் அம்மா எனக்குச் சின்னம்மா மகள். சாகும்போது பதினோரு மாடுகளைத் தன் தம்பி ஒடிரிலேயிடம் மாஃபிசாவாக விட்டுப்போனாள். எங்கள் பக்கம் பாதி மாடுகள் அப்படித்தான். மேய்த்துப் பால் குடிப்பவன் ஒருவன், மாடு இன்னொருவருடையது.

கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. கால்நடை அலுவலகப் பதிவேட்டில், யார் பட்டியில் மாடு நிற்கிறதோ அவர் பெயர் 'உரிமையாளர்' என்ற பத்தியில் ஏறிவிட்டது. அந்தப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வதுதான் கெலபிலேக்கு வேலை. அம்மாவின் சிவப்பிப் பசுவுக்கு நேரே மாமன் பெயரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. தாய்மாமனிடம் யார் போய்க் கேட்பது?

அக்டோபரில் மேலிடத்து உத்தரவு வந்தது: அந்தப் பத்தியின் தலைப்பை 'மேய்ப்பவர்' என்று மாற்று. யாரும் பதிவேட்டைத் தொடாத ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கலாம். அவளுக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய் காலை பதினோரு மணிக்கே கட்டளையைக் கொடுத்துவிட்டாள்.

எத்தனை லட்சம் வரி இருந்தாலும் தலைப்பை மாற்றக் கண் சிமிட்டும் நேரம் போதும். ஆனால் அந்தச் சிமிட்டலுக்கு அட்டவணைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. பட்டி வாசலில் பலகை மாற்ற, நுழைகிற மந்தை முழுக்கப் போய் முடிய வேண்டாமா, அப்படி. காலையிலிருந்து தடுப்பூசிக் கணக்கெடுக்கும் வேலை ஒன்று அதை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இவள் கட்டளை நின்றது. இவள் பின்னால் மற்றதெல்லாம் நின்றது.

சோதனைச்சாவடியில் மாட்டின் காது வில்லை எண்ணை அதே பதிவேட்டில் கம்ப்யூட்டர் சரிபார்க்காமல் லாரி நகராது. வறட்சிக்குப் பயந்து புதுக் கிணற்றடிக்கு மாடுகளை ஏற்றிப்போன ஒடிரிலே முதல் லாரியில் இருந்தார். போன் செய்தார்.

"ஏம்மா, உங்க டப்பா தூங்குதா? இங்க மாடெல்லாம் வெந்துக்கிட்டிருக்கு!"

"சாவடி கம்ப்யூட்டரத்தான் ஒருதரம் அணைச்சுப் போடச் சொல்லுங்க மாமா."

அணைத்துப் போட்டார்கள். ஒரு மணி நேரம் வீண். மறுபடி அவரே:

"சிவப்பி படுத்துட்டாடி. உங்கம்மா மாடு."

அப்போதுதான் பதிவேட்டுக்குக் காத்து நிற்கும் கட்டளைகளின் வரிசையைத் திறந்து பார்த்தாள். படிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றாகவே நுழையலாம். வழியை மறித்து நின்றது இவள் ஒருத்தி. கட்டளையை ரத்து செய்தாள். லாரிகள் நகர்ந்தன. சிவப்பி எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை உறவெல்லாம் கூடியிருந்தோம். ஒடிரிலே குரலை உயர்த்தவில்லை.

"எம் மாட்டக் குடுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, அன்னிக்கே ஓட்டியாந்து விட்டிருப்பேனே, கழுத."

 மறுநாள் விடியலில், ஆளில்லாத அலுவலகத்தில் தலைப்பை மாற்றினாள். கண் சிமிட்டும் நேரம்தான் ஆனது. சிவப்பிக்கு நேரே இப்போது மேய்ப்பவர் ஒடிரிலே. பக்கத்துப் பத்தியில் 'இறந்தது' என்று பதிந்ததும் அவள்தான்.

மீதிப் பத்தும் இன்னும் மாமன் பட்டியில்தான் நிற்கின்றன. அவள் இன்னும் கேட்கவில்லை.