அரிவாளை வீட்டில் வைத்துவிட்டுப் பரங்கிமலை ஏறினேன்

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை நானும் என் மனைவி எஸ்தரும் சேலையூரிலிருந்து பரங்கிமலைக்குப் போய் வந்தோம். போகவர நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் பயணம். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. இமயமலைக்குப் போய் வந்தவர்கள் எழுதும் வலைப்பூ உலகத்தில், முந்நூறு அடிக் குன்றைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று அந்தக் குன்றில் எனக்கு நடந்தது வேறு யாருக்காவது உதவலாம்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். வயது எழுபத்து நான்கு. இடது கண்ணில் பல வருடங்களுக்கு முன்பே விழித்திரை விலகிப் பார்வை போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை. அறுவை செய்துகொண்டால் தெளிவாகும் என்றார் டாக்டர். "ஒரே கண்ணுங்கறதால உங்க பயம் நியாயம்தான் சார். ஆனா தள்ளிப்போடப் போட புரை இறுகிடும்" என்றும் சொன்னார். நான் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவர்க்கடிகாரம் வெறும் வெள்ளை வட்டமாகிவிட்டது. வேதாகமத்தை லென்ஸ் வைத்து, ஒரு நேரத்துக்கு ஒரு வசனம் என்று வாசிக்கும் நிலைக்கு வந்திருந்தேன். செய்யாவிட்டால் மெல்ல இருட்டு. செய்து ஏதாவது தவறினால் ஒரேயடியாக இருட்டு. இரவும் பகலும் இதே கணக்கு.

அப்போதுதான் எங்கள் சபையில் பலர் இரகசியமாகச் செய்யும் ஒரு காரியத்தை நானும் செய்தேன். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, வேதாகமத்தை ஏதோ ஒரு இடத்தில் திறந்து, விரல் வைத்த வசனத்தைக் கர்த்தருடைய பதிலாக எடுத்துக்கொள்வது. பாஸ்டர் இதைப் பிரசங்கத்திலேயே கண்டித்திருக்கிறார். படித்தவன் செய்கிற வேலையா என்று எனக்கும் தோன்றியது. ஆனாலும் செய்தேன். முதல் நாள் விரல் ஒரு வம்ச அட்டவணையில் விழுந்தது. யார் யாரைப் பெற்றார் என்று தெரிந்துகொண்டேன். மறுநாள், தின்னக்கூடாத மிருகங்களின் பட்டியல். மூன்றாம் நாள் ஆகாய் புத்தகம், முதல் அதிகாரம், எட்டாம் வசனம். மலையின்மேல் ஏறிப்போகும்படி அதில் சொல்லியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடுப்படிக்குப் போய் எஸ்தரிடம் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு வசனம் முழுவதையும் வாசித்தாள்.

"என்னங்க, மலைல ஏறிப் போய் மரத்த வெட்டிக் கொண்டு வரச் சொல்லுதே. அரிவாள எடுத்துக்கலையா?"

"மலை ஏறுறதுதான் முக்கியம்னு நினைக்கிறேன்."

"மரம் வெட்டுனா போலீஸ் புடிக்கும்னு அந்தப் பாதிய விட்டுட்டீங்க. சரி, நானும் வரேன். தனியா போய் எங்கயாவது விழுந்து வைக்காதீங்க."

எந்த மலை என்பது அடுத்த கேள்வி. தாம்பரத்தைச் சுற்றிக் குன்றுகள் இருந்தாலும், மேலே ஒரு தேவாலயம் இருப்பது பரங்கிமலையில்தான். நாங்கள் புராட்டஸ்டண்டுகள், அது கத்தோலிக்கத் திருத்தலம். யாராவது தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன சொல்வது என்று ஒரு பதிலைத் தயாரித்து வைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். சேலையூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலைக்கு ஐந்து ரூபாய், சுமார் இருபத்தைந்து நிமிடம். பத்து மணிக்கு மேல் போனால் ஆபீஸ் கூட்டம் வடிந்து உட்கார இடம் கிடைக்கும். பெயர்ப்பலகைகள் எனக்கு மஞ்சள் மஞ்சளாகத்தான் தெரிந்தன. எஸ்தர் பக்கத்திலிருந்து, "குரோம்பேட்டை... பல்லாவரம்..." என்று அறிவிப்பாளர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள். எதிர் சீட்டுக்காரர் அவளை நம்பித் திரிசூலத்தில் இறங்கினார்.

ஸ்டேஷனிலிருந்து மலை அடிவாரம் இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

"தம்பி, நாங்க தாம்பரத்துக்காரங்க. டூரிஸ்ட் இல்ல" என்றாள் எஸ்தர்.

"அப்ப நூத்தி இருவது குடுங்க அக்கா. மேல வரைக்குமே ரோடு கீது, கொண்டாந்து வுட்டுர்றேன்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆட்டோவில் போனால் அது ஏறிப்போனதாகுமா? வசனத்தை அரைகுறையாக நிறைவேற்றிவிட்டுப் பதில் கேட்பது நியாயமா? முழங்கால் வலிக்காரியான எஸ்தர் ஆட்டோவிலும், நான் படிக்கட்டிலும் வருவதாக முடிவாயிற்று. காரணத்தை எஸ்தர் டிரைவரிடமும் சொல்லிவிட்டாள். "சார் மேல கீற அம்பயர்கிட்ட கேட்டுட்டு வர்றாரு போல" என்று சிரித்தபடி டிரைவர் வண்டியைத் திருப்பினார்.

படிகள் நூற்றுச் சொச்சம் இருக்கும். இடையிடையே சிலுவைப்பாதை நிலைகள் இருப்பதால் நின்று நின்று ஏறலாம். பாதி வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தைரியமாகத்தான் போனேன். அதற்கு மேல் வெயில் நேராகப் படிகளில் அடித்தது. புரைக் கண்ணுக்கு வெயில் சத்துரு. ஒரு படி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சுண்ணாம்பு பூசிய சரிவு ஒன்று வானம் வரை போவது போலிருந்தது. நின்றுவிட்டேன். ஏறவும் பயம், இறங்கவும் பயம். இந்த ஒரு வருடமாக நான் இருந்த இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அந்த நினைப்பு சிரிப்பை வரவழைக்கவில்லை.

"இன்னா சார், நடுவுல நின்னுகினுகீற? மூச்சு வாங்குதா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"மூச்சு இல்லம்மா. படி தெரியல."

"கண்ணாடி போட்டுகினுகீறியே."

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் சரியில்ல."

அவள் சிரித்தாள். "தோ, என் தோள புடி. மீன் வாசன வரும், கொஞ்சம் பொறுத்துக்க."

அவள் பெயர் செல்வி. கொட்டிவாக்கம் குப்பத்தில் மீன் விற்பவள். ஏறும்போதே கதையைச் சொல்லிவிட்டாள். அவள் கணவர் நெஞ்சுவலி வந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தவர். அன்று விடியற்காலையில்தான் முதல்முறையாக மறுபடி படகேறியிருக்கிறார். "போவாதன்னு சண்ட போட்டேன். டாக்டரே போலாம்னுட்டாரு, உனக்கு இன்னான்னு போய்கினே கீறாரு. எனக்கு வூட்டுல குந்த முடில. மாதாவாண்ட ஒரு மெழுகுவத்தி வெச்சிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க சாமியாண்டயும் சொல்லிட்டுதான் வந்தேன்."

மேலே மர நிழலில் எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன மோசே, பத்துக் கட்டளைக் கற்பலகை எங்க?" என்றாள். பிறகு எழுந்து வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

செல்வி மெழுகுவத்தி ஏற்றிவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாள். அங்கிருந்து விமான நிலையமும் ஓடுபாதையும் தெரிவதாக இருவரும் சொன்னார்கள். புவியியல் ஆசிரியனுக்குப் பாலாடை படிந்தது போல ஒரு வெண்மைதான் தெரிந்தது. நான் ஏன் மலைக்கு வந்தேன் என்று கேட்டபோது, எஸ்தர் அரிவாள் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"முழுசா படி அக்கா. நானும் கேக்கறேன்" என்றாள் செல்வி.

எஸ்தர் கைப்பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து, எட்டாம் வசனத்தை விட்டு, அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தாள். அந்நிய தேசத்துச் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்த ஜனங்கள். ஆலயம் பாழாய்க் கிடக்கிறது. அவர்களோ அதைக் கட்டுவதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் எஸ்தர் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள் என்று தெரிந்தது. ஒரு வருடமாக டாக்டரிடம் நான் சொல்லி வந்ததும் இதேதான்: இன்னும் காலம் வரவில்லை. மழை முடியட்டும், பண்டிகை முடியட்டும், பேரன் பரீட்சை முடியட்டும். யார் முதலில் சிரித்தோம் என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வரும் வரை சிரித்தோம்.

செல்விக்கு அடுத்த வசனங்கள்தான் பிடித்தன. திரளாய் விதைத்துக் கொஞ்சமாய் அறுப்பதும், கூலியைப் பொத்தலான பையில் போடுவதும் வந்தபோது, "யாரு எங்க வூட்டுக் கதய எழுதி வெச்சது?" என்றாள்.

எஸ்தர் தொடர்ந்து வாசித்தாள். ஜனங்கள் கேட்டார்கள், பயந்தார்கள். பயந்து நின்றவர்களுக்குத்தான், நான் உங்களோடு இருக்கிறேன் என்ற செய்தி வந்தது. அதற்குப் பிறகு எழுந்து வேலையைத் தொடங்கினார்கள். இந்த வரிசையை நான் எத்தனையோ முறை வாசித்திருக்க வேண்டும், கவனித்ததில்லை. பயம் போன பிறகு கர்த்தர் வருவார் என்றே நான் காத்திருந்தேன்.

அப்போது செல்வியின் போன் அடித்தது.

"இன்னா, கரைக்கு வந்துட்டியா?... நெஞ்சு எப்டிகீது?... எத்தினி?... வவ்வால் மீனா? பொய் சொல்லாத!" போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா, அந்தப் பொத்தல் பைய இன்னிக்கி ஒரு நாளைக்கி தெச்சிக்கலாம்."

எஸ்தர் என் போனில் கண் மருத்துவமனை எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்தாள். "வீட்டுக்குப் போய்..." என்று தொடங்கினேன்.

"சார், அவரே கடலுக்குப் போய்ட்டு வந்துட்டாரு. நீ போன்தான பேசணும்?" என்றாள் செல்வி.

அடுத்த புதன்கிழமை இடம் இருப்பதாக மறுமுனையில் சொன்னார்கள். தொண்டை வரை வந்த "யோசித்துச் சொல்கிறேன்" என்பதை விழுங்கிவிட்டு, "சரி" என்றேன். செல்வி கீழே கடையில் எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தாள். காசு கொடுக்கப் போன எஸ்தருக்கு நல்ல திட்டு கிடைத்தது.

ஆகாய் எழுதியிருப்பது ஆலயத்தைப் பற்றி, கண்புரையைப் பற்றி அல்ல என்று யாராவது பின்னூட்டம் இடலாம். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. விரல் வைத்துப் பார்ப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்திருந்தால் வீட்டிலேயே பதில் கிடைத்திருக்கும், நூற்று இருபது ரூபாயும் மிஞ்சியிருக்கும் என்கிறாள் எஸ்தர். உண்மைதான். ஆனால் உடன் உட்கார்ந்து கேட்க ஒருவரும், சத்தமாக வாசிக்க ஒருவரும் இருக்கும்போது பழைய வசனமும் புதிதாக நம் வாசலுக்கு வருகிறது. கஷ்டத்தில் இருப்பவர்கள் தனியாக வாசிக்காதீர்கள். என் அனுபவத்தில் இதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காலை பத்துக்குள் அல்லது மாலை நான்குக்கு மேல் ஏறுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே மேல் வரைக்கும் எவ்வளவு என்று பேசிவிடுங்கள். முழங்கால் வலி இருந்தால் ரோட்டில் போவதில் தவறில்லை. அதுவும் ஏறிப்போனதாகத்தான் கணக்கு.

இன்னொன்று. அந்தப் படிகளின் விளிம்பில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். போன வாரம் இரண்டாம் முறை போனபோது, "எப்ப அடிச்சாங்க?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"அன்னைக்கே இருந்துச்சுங்க" என்றாள்.

கைப்பிடியைத் தொடாமல் மேலே போனேன். ஓடுபாதைக்கு அப்பால், வெகு தூரத்தில், கடல் தெரிந்தது.