சைரன்

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் முதல் நாளே சொல்லிவிடுவார்: "நான் ஒரு வாயில்லாப் பூச்சி தம்பி. என் பேச்சை இங்க யாரும் காதுல போட்டுக்க மாட்டாங்க."

குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி அவர் பொறுப்பு. நான்கு அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்து, சோற்றைக்கூட இரண்டு தரம் கேட்டு வாங்கி வளர்ந்தவர். தன் சொல் எடுபடாது என்பது அப்போதே மனதில் ஊறிவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான் என்று நினைத்திருந்தார். மகள் எதையும் அம்மா வழியாகத்தான் சொல்வாள். வெளியூரில் வேலை கிடைத்ததும் அப்படித்தான் அவர் காதுக்கு வந்தது. பெற்ற அப்பனை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று மனைவியிடம் பொருமினார். அலுவலகத்தில் "சைரன் ஓஞ்சுதா?" என்று மற்றவர்கள் கிசுகிசுக்கும்போது மட்டும், மேலாளரைத்தான் சொல்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் அலுவலகத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதிகாரியம்மா, ஆள் யாரென்று சொல்லாமல், பதிவான அழைப்பு ஒன்றைப் போட்டுக் காட்டினார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். முடிப்பதற்குள் ஒரு குரல் பாய்கிறது: "முதல்ல தெருப் பேரைச் சொல்லும்மா. கதையெல்லாம் யாரு கேட்டா?" அவள் பரவாயில்லைங்க என்று வைத்துவிடுகிறாள்.

அவருக்கே பொறுக்கவில்லை. "யாரு மேடம் இந்த ஆளு? இப்படியா எரிஞ்சு விழுவான்?"

பக்கத்து மேசைக்காரர் அவர் முழங்காலைத் தொட்டார்.

"அண்ணே, அது நீங்கதாண்ணே."

நம்பாமல் மறுபடி போடச் சொன்னார். அந்த 'முதல்ல'வை இழுத்த இழுப்பில் வீட்டுக் கூடத்தில் அவர் பேசுவதே கேட்டது. யார் காதிலும் விழாது என்று நினைத்துத்தானே இத்தனை வருஷம் தொண்டையை உயர்த்தினார். அப்படியென்றால் சைரன்? சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றவருக்கு எந்தக் குரலில் பேசுவதென்றே தெரியவில்லை.

"என்னைப் பாத்தா உனக்குப் பயமாம்மா?"

மடித்த துணி அவள் கையிலேயே நின்றது. பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மாகிட்ட சொல்றேம்பா."

இன்றும் அதே தொலைபேசியில்தான் இருக்கிறார். மணி அடித்தால் எடுக்கிறார். எதிர்முனை பேசி முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுகிறாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.