இரண்டுக்கும் சாக்கு, இல்லாவிட்டால் ஒன்றுக்கும் இல்லை

நான் பிழைக்க வந்த ஊரில் கார்கள் நின்ற இடத்திலேயே இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. கதை விடவில்லை. தினமும் காலை எட்டு மணிக்கு அப்படி ஒன்றை ஓட்டுகிறவன் நான்தான். வளைகுடா நகரம் ஒன்றின் தொழிற்பேட்டையில் எங்கள் கராஜ் இருக்கிறது. அங்கே தரைக்குள் புதைத்த இரும்பு உருளைகள் மேல் காரின் பின்சக்கரங்களை ஏற்றி, நாலு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டி, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதிப்பேன். உருளை சுற்றும், கம்ப்யூட்டரில் ஒரு கோடு மேலேறும். அந்தக் கோடுதான் இன்ஜினின் பலம். இந்த மெஷினுக்கு டைனோ என்று பெயர். வண்டிக்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் படம் பிடிப்பார்கள். ஓர் அங்குலம்கூட நகராத வண்டியைப் பார்த்து இவ்வளவு பூரிக்கும் மனிதர்களை நான் என் ஊரான பாபநாசத்தில் கண்டதில்லை. அங்கே வண்டி என்றால் எங்காவது போய்ச் சேர வேண்டும், இன்ஜின் என்றால் தண்ணீர் இறைக்க வேண்டும்.

ஒன்பது வருடமாக இதே வேலை என்பதால் ஊரிலிருந்தும், இங்கே தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருக்கும் நம் ஆட்களிடமிருந்தும் ஒரே கேள்வி வருகிறது. எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் வைத்த மஸில் காருக்கு இன்டேக்கை, அதாவது காற்று இழுக்கும் குழாயை, மாற்றி டியூன் பண்ணினால் பவர் கூடுமா? கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துக் காரைச் செய்த கம்பெனிக்காரன் மடையன் இல்லை. இன்ஜினுக்கு வேண்டிய காற்றை அவன் வைத்த காற்றுப்பெட்டியே கொடுத்துவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டுப் பளபளப்பான குழாயும் மூடியில்லாத ஃபில்டரும் வைத்தால் கூடுவது பெரும்பாலும் சத்தம். அதுவும் இந்தப் பாழாய்ப்போன வெயிலில், மூடியில்லாத ஃபில்டர் பானெட்டுக்கு அடியில் வெந்து கிடக்கும் காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்றில் சரக்கு கம்மி. வண்டியின் கம்ப்யூட்டரும் இன்ஜினுக்குக் கெடுதல் வராமலிருக்கத் தானே பலத்தை அடக்கிவிடும். டியூனிங் வேறு சங்கதி. நல்ல பெட்ரோல் போட்டு, விஷயம் தெரிந்தவன் அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கை நிதானமாக மாற்றி எழுதினால் நிஜமாகவே கூடும். காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்த வண்டி என்றால் இன்டேக்கும் உதவும். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கலாம். நான் என் வெயிலைப் பற்றித்தான் பேச முடியும்.

இதை இவ்வளவு தைரியமாகச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், நானே இதே மடத்தனத்தைச் செய்தவன். எங்கள் வீட்டில் ஓர் ஆயில் இன்ஜின் இருந்தது. ஆற்றில் தண்ணீர் தாமதமான ஒரு கோடையில், இருபது வயதுத் திமிரில், அதன் காற்று ஃபில்டரைக் கழற்றி வீசினேன். இன்ஜின் உறுமிற்று பாருங்கள், அடுத்த தெருவுக்குக் கேட்டது. எங்கள் பக்கத்தில் குதிரைச் சக்தியை யார் பார்த்தார்கள்? ஒரு மா நிலம் நனைய எவ்வளவு நேரம் என்பதுதான் அளவு. நானும் அளந்தேன். பழைய நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறையவில்லை. ஆனால் பக்கத்து வயல் கோவிந்தராசு அண்ணன் வந்து கேட்டபோது, சீக்கிரமாகப் பாய்கிறது என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றார். அவரும் கழற்றினார். களத்துமேட்டுப் பக்கம் இருந்த அவர் இன்ஜின் பதர்த்தூசியைத் தின்று பத்தே நாளில் மடங்கியது. அவருடைய நாற்றங்கால் காய்ந்ததை வரப்பில் நின்று பார்த்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த இன்ஜினோடு பழகிய பழக்கம் ஒன்றை இங்கேயும் கொண்டுவந்தேன். ஊரில் இன்ஜின் காய்ந்தால் சாக்கை நனைத்து டீசல் டேங்க் மேலும் காற்றுக் குழாய் மேலும் போர்த்துவோம். டைனோவில் ஒரு காரை மூன்று தடவை ஓட்டினால் மூன்றாவது தடவை சூட்டில் கோடு தாழும். அது வண்டிக்குச் செய்கிற அநியாயம் என்று நினைத்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் காற்றுக் குழாய் மேல் ஈரச் சாக்கைப் போட்டுச் சமமாக ஆற்றினேன். அர்பாப், அதாவது எங்கள் முதலாளி, முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கோட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அடுத்த வாரமே உத்தரவு வந்தது. இன்டேக் மாட்டுவதற்கு முந்தைய ஓட்டத்துக்குச் சாக்கு வேண்டாம், பானெட்டை மூடி, இன்ஜினைக் காயவிட்டு ஓட்டு. மாட்டிய பிறகு சாக்கைப் போடு, பானெட்டைத் திற, பெரிய காற்றாடியை முகத்துக்கு நேரே வை. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். இன்டேக் செய்த மாயம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் நானும் போட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, எங்கள் ஊர்ச் சாக்கை ஏமாற்று வேலைக்குப் பழக்கியவன் நான்தான்.

போன வைகாசியில் ராஷித் வந்தார். உள்ளூர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேசாத மனிதர். கறுப்பு நிற மஸில் கார், கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். இன்டேக், டியூனிங் இரண்டுக்கும் அர்பாப்பிடம் ஒப்புக்கொண்டிருந்தார். முதல் ஓட்டம் முடிந்தது, மறுநாள் குழாயை மாட்டினோம். இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால் ராஷித் அர்பாப்பை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: விற்கிறவர் சொல்வதை நான் கேட்கப் போவதில்லை, அளக்கிறவன் நீ, நீ சொன்னால் நம்புகிறேன். கோவிந்தராசு அண்ணன் வரப்பில் நின்று கேட்ட அதே கேள்வி, வேறு பாஷையில்.

அர்பாப் சாக்கைப் போடச் சொன்னார். என் விசா அந்த மாதக் கடைசியில் முடிகிறது, புதுப்பிக்கும் தாள் அவர் மேஜை டிராயரில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். டிராயரைத் திறந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, அவரோடு நான் பேசும் இந்தியில் வார்த்தை கிடைக்கவில்லை, தமிழிலேயே சொன்னேன்.

"இரண்டுக்கும் சாக்குப் போடுறேன், இல்லன்னா ஒண்ணுக்கும் கிடையாது. இதுவரைக்கும் ஏமாத்துனது போதும்."

அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. சாக்கைத் தூக்கி மூலையில் எறிந்ததைப் புரிந்துகொள்ள பாஷை தேவையில்லை. பானெட்டை மூடினேன், முதல் நாள் இருந்த அதே சூட்டுக்குக் காயவிட்டு ஓட்டினேன். புது இன்டேக்கின் கோடு பழைய கோட்டுக்குக் கொஞ்சம் கீழே படுத்தது. டியூனை ஏற்றினேன், கோடு எழுந்தது. பிறகு யாரையும் கேட்காமல் பழைய காற்றுப்பெட்டியைத் திரும்ப மாட்டி, டியூனை அதற்கு ஏற்றபடி சரிசெய்து, மறுபடி ஓட்டினேன். எல்லாவற்றிலும் உயர்ந்த கோடு அதுதான். நாலு கோடும் உள்ள தாளை ராஷித் கையில் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் சட்டைப் பையில் செருகினார். இனாமுக்காகத்தான் நான் முதலாளியைக் காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்துவிட்டார்! நான் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. கொடுப்பதை மறுப்பது இங்கே அவமதிப்பு, வாங்குவது எனக்கு அவமானம். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விசா கிடையாது என்று அர்பாப் அன்றைக்கே சொல்லிவிட்டார். பயந்தேனா? பயந்தேன். ஆனால் அன்று மத்தியானம் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன், அது எனக்கே ஆச்சரியம். என் மனைவி மலர்க்கொடிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தால், அவள் குரலில் ஒரு துள்ளல்.

"வந்துடுங்க, போதும். குத்தகைக்கு விட்டிருக்கிற நம்ம நிலத்தைத் திரும்பக் கேட்டுடுறேன். குறுவைக்கு நாத்து விட்டுடலாம்."

இரண்டே நாளில் நிலத்தைத் திரும்ப வாங்கிவிட்டாள். விதைநெல் வாங்கினாள், உழவுக்கு டிராக்டர் சொன்னாள், வலங்கைமானில் இருக்கும் அவள் தம்பியை வரப்பு வெட்ட அழைத்தாள். தினமும் எதையாவது வாங்கியதாகச் சொல்வாள், தினமும் நான் வரும் தேதியைக் கேட்பாள். நானும் ஒரு பெட்டி வாங்கினேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, திரும்பிவரும் டிக்கெட் இல்லாமல் ஊருக்குப் போகப் போகிறேன். வேலையை இழந்தவன் இப்படி விசிலடித்துக்கொண்டு பெட்டி அடுக்குவானா என்று அறையில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

விசா முடிய நாலு நாள் இருக்கும்போது ராஷித் திரும்பி வந்தார். தனியாக இல்லை. பின்னால் ஐந்து கார்கள், ஐந்தும் மஸில் கார்கள். என் தாளை நண்பர்கள் வட்டத்தில் காட்டியிருக்கிறார். எல்லோரும் என்னிடம்தான் அளக்க வேண்டுமாம், அந்த இந்திக்காரன் இல்லாவிட்டால் வேறு கராஜ் பார்த்துக்கொள்வார்களாம். நான் இந்திக்காரன் இல்லை என்று விளக்க அது நேரமில்லை. அர்பாப் ஐந்து கார்களையும் எண்ணினார். உள்ளே போனார், டிராயரைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம். வெளியே வந்து, இனிமேல் உன் இஷ்டப்படி அளந்துகொள் என்றார்.

ஜெயித்துவிட்டேன். நண்பர்கள் தோளில் தட்டினார்கள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வேண்டாம் என்று சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என் மகள் பாபநாசத்தில் பன்னிரண்டாவது படிக்கிறாள், அடுத்த வருடம் காலேஜ். புலம்பெயர்ந்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

மலர்க்கொடியிடம் சொன்னேன். அன்றைக்கு நான் வரும் தேதியை அவள் கேட்கவில்லை. பிறகு சொன்னாள்.

"நல்லதுதான். நாத்து விட்டாச்சு, இனிமே திருப்பிக் குடுக்க முடியாது. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டாள். நட்டு முடித்து, பயிர் இன்சூரன்ஸுக்காகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கினாள். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதித் தரும் தாள் அது. அதைப் போனில் அனுப்பினாள். பட்டாதாரர் என்ற இடத்தில் என் பெயர். சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் மலர்க்கொடி. என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பேன், அதுதான் உண்மை. அதே நாள் என் புது அடையாள அட்டை வந்தது. அதில் என் பெயரும், என் போட்டோவும், நான் இங்கே செய்யும் வேலையும் சரியாக இருந்தன. பிறந்த நாடு என்ற இடத்தில் இந்தியா என்று இருந்தது, எந்த ஊர் என்று எழுத அதில் இடமே விடவில்லை.