நீருக்கடியில் ஒன்றரைச் சுற்று

கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர். அதற்குள் ஒரு கைக்கடிகாரம் கிடந்தது. அதன் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. மலாக்கா பட்டணத்தில் ஒரு சீனர் நடத்திய கடிகாரக் கடையின் மேசையில் அந்தக் குவளையை வைத்துவிட்டு, கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை என்று மலாயில் பெருமையாகச் சொன்னார். என் மச்சான் குனிந்து குவளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு அதே மலாயில் கேட்டார்: "குவளை ஒரு சாண் ஆழம். நான் எட்டுப் பாகம் இறங்குறேன். அங்கேயும் இப்படியே ஓடுமா?" இரு கைகளையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். கடைக்காரர் குவளையை ஓரமாகத் தள்ளிவைத்தார். உள்ளே போய் வேறு இரண்டு கடிகாரங்களை எடுத்துவந்தார்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். மலாக்காவின் காஜா பேராங்கில், பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் வாழும் கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவர். திருநீறு பூசாமல் வாசற்படி தாண்டமாட்டார். ஆனால் அவர்கள் வீட்டில் தமிழ் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பேசிவருவது தங்களுக்கே உரிய ஒரு மலாய். அக்காவைக் கட்டிய பிறகு அவர் கற்றுக்கொண்ட சில தமிழ்ச் சொற்களில் ஒன்று, என்னைக் கூப்பிடும் 'தம்பி'. மற்றபடி அவர் என்னிடம் பேசியதெல்லாம் மலாய்தான். அதை நான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தொங்காங் படகுகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் எழுத்தராக இருந்தேன். பெரிய கப்பல்கள் கரைக்கு வரமுடியாமல் வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றின் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவருபவை எங்கள் தொங்காங்குகள். நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டாலோ, நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டாலோ மச்சானைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவரிடம் காற்றுக் குழாயும் கிடையாது, தலைக்கவசமும் கிடையாது. நீச்சல் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரே மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு இறங்குவார். அந்தக் கடலின் நிறம் பால் ஊற்றிய தேநீரின் நிறம். மூன்று பாகத்துக்குக் கீழே தன் கையே தனக்குத் தெரியாது என்பார்.

நேரத்தை அவர் மனத்துக்குள் எண்ணித்தான் கணக்கு வைத்தார். ஒரு நாள் மேலே வந்தவர் படகின் விளிம்பைப் பிடித்தபடியே கண் செருகி, மூக்கில் ரத்தம் வடியத் தொங்கினார். தெளிந்ததும், தான் எழுபதுதான் எண்ணியதாகச் சொன்னார். அன்று நானும் படகில் இருந்தேன்; என் கைக்கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கீழே போகப்போக அவருடைய எண்ணிக்கை மெதுவாகிவிடுகிறது என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் அழவில்லை. "இனிமே எண்ணுற வேலையெல்லாம் வேண்டாம். கையில ஒண்ணு கட்டிக்கிட்டு எறங்கச் சொல்லு. நீயே கூடப் போயி நல்லதாப் பாத்து வாங்கிக் குடு" என்று என்னிடம் சொன்னாள். அப்படித்தான் நாங்கள் அந்தக் கடையில் போய் நின்றோம்.

கடைக்காரர் கொண்டுவந்த இரண்டும் கடலுக்கென்றே செய்தவை. சாவி கொடுக்கும் திருகினை மரையாணிபோல் முறுக்கி மூடிவிடலாம். எண்களும் முட்களும் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்தன. முகப்பைச் சுற்றி, ஒளிரும் முக்கோணம் பொறித்த வளையம் ஒன்று திரும்பியது. இறங்கும் கணத்தில் முக்கோணத்தை நொடிமுள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், முள் ஒரு சுற்றுச் சுற்றி அதைத் தொடும்போது ஒரு நிமிடம். ஒன்றில் வளையம் இறுக்கமாக இருந்தது. மற்றதில் இலகுவாகத் திரும்பியது. மச்சான் குவளைத் தண்ணீரில் விரல்களை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி இரண்டையும் திருப்பிப் பார்த்தார். இறுக்கமான வளையத்தில் ஈரவிரல் வழுக்கியது. "தண்ணிக்குள்ளே இது திரும்பாது, மச்சான்" என்று இலகுவானதை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அக்காவின் பேத்தி இப்போது தீவுகளுக்குப் போய் மூச்சடக்கி மூழ்குகிறாள், விளையாட்டாக. போன மாதம் இரண்டு படங்களைக் கைப்பேசியில் காட்டி, எந்தக் கருவியை வாங்கலாம் என்று என்னைக் கேட்டாள். மணிக்கட்டில் கட்டும் கணினிகள். ஆழத்தையும் நேரத்தையும் தாமே அளந்து, குறித்த அளவு வந்ததும் கையில் அதிருமாம். மேலே வந்த பிறகு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பதையும் எண்ணிச் சொல்லுமாம். எண் பெரிதாகத் தெரிவதை வாங்கு என்றேன். அவள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவளிடம் சொல்லியிருக்க வேண்டியது வேறு.

கடிகாரம் வாங்கிய முதல் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. குளியலறைத் தொட்டியில் முகத்தை அமிழ்த்தி மச்சான் பழகுவார். அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நொடிமுள் ஒன்றரைச் சுற்று வந்ததும் கீழே எந்த வேலை பாதியில் நின்றாலும் மேலே வந்துவிட வேண்டும் என்பது அவள் விதித்தது. படகில் கயிற்றைப் பிடிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். அவருடைய இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையில். அவர் இரண்டு முறை ஆட்டினால் இழுக்க வேண்டும். ஆட்டாவிட்டாலும் என் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆனால் இழுத்துவிட வேண்டும்.

ஆனால் அந்தக் கடிகாரம் மச்சானை மாற்றத் தொடங்கியது. முன்பெல்லாம் அவருடைய மனக்கணக்கு தோராயமானது; எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. நெஞ்சு முட்டினால் வந்துவிடுவார். இப்போது எண் தெரிந்துவிட்டது. தெரிந்த எண்ணை அவரால் சும்மா விட முடியவில்லை. ஒன்றரைச் சுற்று ஒன்றேமுக்காலாயிற்று. பிறகு அதற்கும் மேல் ஐந்து நொடி. சாப்பிடும்போது திடீரென்று கை நின்றுவிடும், கண் மணிக்கட்டுக்குப் போகும். மூச்சை அடக்கிப் பார்க்கிறார் என்று தெரிந்து அக்கா தட்டை இழுத்து வைப்பாள். நடக்கும்போதும் அதே. உட்கார்ந்தால் கால் ஆடும். ஊரே அப்போது மலாயாவின் சுதந்திர நாளை எதிர்பார்த்து நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது; வீட்டுக்கு வீடு கொடி தைத்தார்கள், காப்பிக் கடை வானொலி ஓயவே இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் நொடிகள். இரண்டு நிமிடம் தாண்டிவிட்டால் இந்தக் கரையில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு நாள் அவர் சொன்னபோது நான் சிரித்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை.

ஒரு முறை, பேசி வைத்தபடி இரண்டு நிமிடத்தில் இழுத்துவிட்டேன். விசிறியில் சுற்றிய கயிற்றின் கடைசி முறுக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாராம். மேலே வந்தவர் கண் சிவக்கக் கத்தினார்: "தம்பி, கீழே இருக்கிறது நீயா, நானா? கடிகாரம் என் கையில இருக்கு. நான் ஆட்டுற வரைக்கும் கயித்தைத் தொடாதே!" படகில் இருந்தவர்கள் முன்னால் எனக்கு அவமானமாகிவிட்டது. சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு தொங்காங்கின் நங்கூரம் அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. படகை ஓட்டிய மலாய்க்காரப் பெரியவரை நாங்கள் பாக் சிக் என்று கூப்பிடுவோம். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மச்சான் கேட்கவில்லை. இரண்டு முறை இறங்கி ஏறினார். மூன்றாம் முறை வளையத்தைத் திருப்பி வைத்தவர், போதுமான ஓய்வு எடுக்காமலே இறங்கிவிட்டார்.

ஒன்றரை நிமிடம் ஆயிற்று. ஒன்றே முக்கால். என் கையில் கயிறு அசையாமல் கிடந்தது. இரண்டு நிமிடம் ஆனபோது பாக் சிக், "தாரிக்! தாரிக்!" என்றார். இழு, இழு என்கிறார். "அவர் ஆட்டட்டும்" என்றேன். சொன்ன என் குரல் எனக்கே கேட்டது.  இழுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றும். அவருடைய சிவந்த கண் நினைவுக்கு வரும். என் முள் அதற்கு மேலும் இருபது நொடியைக் கடந்தபோது பாக் சிக் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பற்றினார். பாரம் ஏறி வந்தது. உதடு நீலம் பாரித்து, தலை தொங்கி, மச்சான் வந்தார்.

பாக் சிக் அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தி அழுத்தி விட்டார். எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. அன்று நான் எண்ணாதது அது ஒன்றுதான். இருமல் வந்தது, தண்ணீர் வந்தது, கண் திறந்தது. திறந்த கண் முதலில் பார்த்தது மணிக்கட்டை. "எனக்கு இன்னும் நேரம் இருக்கே" என்றார்.

கீழே வளையம் நங்கூரச் சங்கிலியில் உரசித் திரும்பியிருக்கிறது; முக்கோணம் நகர்ந்ததில் கழிந்த நேரம் குறைவாகத் தெரிந்திருக்கிறது. ஓரத்தில் துருப்பொடி ஒட்டியிருந்தது. இலகுவாகத் திரும்பும் வளையம். நான் தேர்ந்தெடுத்தது.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், கடலுக்கே போகக்கூடாது என்பாள் என்று நினைத்தேன். அவள் வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டாள்.

"ஒங் கையிலயும் கடிகாரம் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அது ரெண்டு நிமிஷம் இருபது காட்டுச்சுல்ல?"

"ஆமாக்கா."

"அப்புறம் எதுக்குடா அவரு கையை நம்பிக்கிட்டு நின்னே?"

நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அவள் உள்ளே போய், படுத்திருந்த மச்சானின் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினாள். "அடியில போறவருக்கு நேரம் தெரிய வேண்டாம். மேல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சா போதும்" என்று தமிழில் சொன்னாள். பிறகு அதையே அவருக்குப் புரியும்படி மலாயிலும் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் என்னோடு பேசவில்லை. இன்னும் அரை நிமிடத்தில் தான் எப்படியும் வந்திருப்பேன், தன்னை எல்லோரும் சேர்ந்து குழந்தையாக்கிவிட்டோம் என்று அக்காவிடம் முறையிட்டிருக்கிறார். சுதந்திர நாளன்று திடலில் கூட்டத்தோடு கூட்டமாக மூவரும் நின்றோம். அக்கா நடுவில். எல்லோரும் மெர்டேக்கா, விடுதலை, என்று கையை உயர்த்திக் கத்தியபோது அவரும் உயர்த்தினார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அக்கா மகளைப் பெற்றெடுத்த பிறகும் என்னிடம் அவர் சொன்னது "பெண்" என்ற ஒரு சொல்தான்.

பிறகு ஒரு காலையில் விசிறியில் கயிறு என்று ஆள் வந்தது. நான் போகலாமா வேண்டாமா என்று புரியாமல் படகுத்துறையில் இங்கும் அங்குமாக நடந்துகொண்டிருந்தேன். மச்சான் வந்தார். மடியிலிருந்து அந்தக் கடிகாரத்தை எடுத்து என் கையைப் பிடித்துத் தானே கட்டினார். வார் எனக்குத் தொளதொளவென்றிருந்தது. ஓர் ஆணியால் புதுத் துளை போட்டு இறுக்கினார்.

"ஒன்றரைச் சுத்து. உன் அக்கா சொன்னதுதான். நான் ஆட்டலைன்னாலும் இழு."

சரி என்றேன்.

"நான் திட்டுவேன், தம்பி. அப்பவும் இழு."

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு இறங்கினார். ஒன்றரைச் சுற்றில் இழுத்தேன். விசிறிக் கயிற்றைப் பாதி அவிழ்த்த நிலையில் விட்டு மேலே வந்தவர், மூச்சு வாங்கியபடியே, அக்காவிடம் கற்றுக்கொண்ட நல்ல தமிழில் என்னை ஒரு வசவு திட்டினார். பாக் சிக்குக்கு அர்த்தம் புரியவில்லை, ஆனால் சிரித்தார். மச்சான் மறுபடியும் மூச்சை இழுத்துக்கொண்டு மூழ்கினார். நான் சிரிக்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.