சென்சாரில் ஒட்டியிருந்த நூல்

துறைமுகச் சாலை மெக்கானிக், எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவின் குழாயில் கைவைத்துப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். டீசல் வண்டி இழுக்கவில்லை என்று அவரிடம் போயிருந்தேன்.

"காத்த அளக்குற சென்சார யாரும் தொட்டாவளா, அண்ணாச்சி?"

"இல்லை" என்றேன். முந்தின நாள் யூடியூப் பார்த்து அதைத் துண்டால் துடைத்தவன் நான்தான். படித்தவன் என்ற கௌரவம், சொல்ல விடவில்லை.

என்னை நம்பிச் சென்சாரை விட்டுவிட்டு டர்போவைக் கழற்றினார். மத்தியானம் அவருடைய மகள் திரேஸ்புரத்திலிருந்து போன் செய்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவருக்கு மகள் வீட்டுச் சாப்பாடு; அன்றுதான் அந்த ஞாயிறு.

"ஏளா, நீ சாப்புடு. அப்பாவால வர முடியாது."

சாயங்காலம் கடைசியாகச் சென்சாரைக் கழற்றினார். அதன் கம்பியில் ஒரு வெள்ளை நூல். அதை எடுத்துவிட்டு, என் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தார்.

"இனி வண்டி இழுக்கும், அண்ணாச்சி."

நான் கிளம்பும்போது தனியாக உட்கார்ந்து பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.