அறுநூறு மீட்டர்க் காற்று

வெள்ளவத்தையில் கடற்காற்று எழும்போதெல்லாம், கொடியில் காயும் துணிகளைப் பார்க்கிறேன்: எந்தப் பக்கம் ஆடுகின்றன, எவ்வளவு. இந்தப் பழக்கம் அவனுடையது.

யுத்தகாலம். பம்பலப்பிட்டியில் ஒரே அலுவலகத்தில் இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. அவன் கொழும்பு கிராண்ட்பாஸ் பகுதி முஸ்லிம். ரைஃபிள் கிளப்பில் தூர இலக்குச் சுடுபவன். நான், துப்பாக்கி என்ற சொல்லையே குரல் தாழ்த்திச் சொல்லும் யாழ்ப்பாணத்தான். எனக்கு விளங்கட்டும் என்று எங்கள் தொழில் பாஷையிலேயே சொல்லுவான்.

"காத்துதான் யூசர், மச்சான். சொல்லாமக் கொள்ளாம எதையாவது அழுத்திட்டுப் போயிரும்."

"அப்ப நீ?"

"நான் ஹேங் ஆகோணும். மூச்சில்ல, அசைவில்ல. மெஷின் ஹேங் ஆனா நீ ஏசுற. நான் ஹேங் ஆனா மெடல்."

ஒவ்வொரு வெடியும் எங்கே பட்டது, அப்போது காற்று எப்படி, துப்பாக்கியின் குறிகாட்டியை எத்தனை கிளிக் திருப்பினான், எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தான். ஆறு வருடக் காற்று. "பேக்கப் இல்லையா? நீயெல்லாம் ஒரு கம்ப்யூட்டர்காரன்!" என்று நக்கலடித்தவன் நான்தான். சிரித்துக்கொண்டே தந்தான், டைப் பண்ணச் சொல்லி. அடுத்த மாதம் சுடும் அணிக்குத் தெரிவு.

முந்நூறு மீட்டர் பக்கங்கள் முடிந்திருந்தன. அறுநூறு மிச்சம். ஒரு காலை வீட்டுக்கார அன்ரி என் வாடகை அறைக் கதவைத் தட்டினா.

"தம்பி, ஒழுங்கை முழுக்கப் பொலிஸ் செக்கிங். ஏதும் கிடந்தாப் பாருங்கோ."

கிடந்தது, மேசையில். வட்டங்கள், புள்ளிகள், தூரங்கள். ஒரு தமிழனின் அறையில். மண்ணெண்ணெய் அடுப்பில் தாள் தாளாக எரித்தேன். வந்தவர்கள் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவையும் பார்த்தார்கள். "ஹரி மல்லி", சரி தம்பி, என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்கள். மேசைப் பக்கம் திரும்பவேயில்லை.

கொப்பியைப் பொலிஸ் எடுத்துவிட்டது என்று அவனிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானே? கிளப் கடிதத்தோட நானே போய்க் கேக்குறன்." எழுந்தும் விட்டான்.

கையைப் பிடித்தேன். "போகாதை. நான்தான் எரிச்சனான்."

"அறுநூறுமா?"

"ஓம்."

தெரிவில் முந்நூறு மீட்டரில் அவன்தான் முதலாவது. அறுநூறில் முதல் மூன்று வெடியும் இலக்குக்கு வெளியே. பட்டியலில் பெயர் இல்லை.

ஏசியிருக்கலாம். "ஒன்ட இடத்துல நானும் எரிச்சிருப்பன்" என்றான். நான் நம்பவில்லை, அவனும்தான். பிறகொருநாள் என் மெஷின் ஹேங் ஆகி அசையாமல் நின்றது. பழைய பகிடிக்காக அவன் பக்கம் திரும்பினேன்.

"நிப்பாட்டிட்டுத் திருப்பிப் போடு" என்றான், தன் திரையைப் பார்த்தபடியே.