மடத்துச் சாமி சொன்னது

ஊர் உலகமெல்லாம் பஸ் பிடித்து, ரயில் பிடித்து எங்கள் திருத்தணிக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டு போகும். மலையடிவாரத்திலேயே குடியிருந்த எனக்கு மட்டும் மூன்று வருஷமாக அதற்கு நாள் அமையவில்லை. ஆறு வயதில் டைபாய்டு வந்து நான் பிழைத்தபோது அம்மா வேண்டிக்கொண்ட மொட்டை அது. அம்மா நாள் குறிப்பாள். நான் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பேன். நாள் தள்ளிப்போகும். கடைசியில், "வர்ற ஆடிக் கிருத்திகைக்கு எடுத்தே ஆவணும். முருகன இதுக்கு மேல காக்க வைக்க முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கோடை லீவில்தான் மாமா எங்களை டார்ஜிலிங்குக்குக் கூட்டிப்போனார். மாமா அம்மாவின் தம்பி. அங்கே ராணுவத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நைனா தறியை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டதால் அம்மாவும் நானும் மட்டும் போனோம்.

ஒருநாள் மாமா எங்களை மலைமேல் இருந்த ஒரு புத்த மடத்துக்கு அழைத்துப் போய், உள்ளே விட்டுவிட்டு, தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போனார். முற்றம் முழுக்க என் வயசுப் பையன்கள். எல்லோருக்கும் அரக்குச் சிவப்பில் துணி, எல்லோருக்கும் மொட்டை. திருத்தணிக்காரியான அம்மாவுக்கு மொட்டை என்றால் ஒரே அர்த்தம்தான்: இன்றைக்குத்தான் எடுத்திருக்கிறார்கள், தலை எரியும், சந்தனம் பூச வேண்டும்.

"அய்யய்யோ, புள்ளைங்க வெறுந்தலையோட நின்னுகினு இருக்குதுங்களே, பூசிவுட ஆளில்லையா?" என்றவள், மஞ்சள் பையில் இருந்த டப்பாவிலிருந்து சந்தனப் பொடியை எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, பக்கத்தில் நின்றவன் தலையில் அப்பிவிட்டாள். அந்தக் குளிரில்! பையன் வீலென்று கத்திக்கொண்டு குதித்தான். எங்களை அடித்துத் துரத்தப்போகிறார்கள் என்றே நினைத்தேன். அவனோ தலையைத் தடவி, கையை மோந்து பார்த்து, சிரித்தான். அடுத்த நிமிஷம் அம்மாவுக்கு முன்னால் பத்துப் பதினைந்து மொட்டைகள் குனிந்தபடி வரிசையில் நின்றன. கடைசியாக வந்தவர்களுக்கு டப்பாவைக் கழுவிய தண்ணீர்தான் கிடைத்தது.

தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த வயதான சாமியார் இதையெல்லாம் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுக்கச் சொன்னார். டீயில் உப்பு! மேலே வெண்ணெய் மிதந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். அவர் குனிந்து என் தலையில் கை வைத்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் பாதிப் பேர் தெலுங்கு. யார் எது பேசினாலும் புரிந்ததாகத் தலையாட்டி, பக்கத்திலிருப்பவருக்கு விளக்கமும் சொல்வது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். அது எனக்குக் கைகொடுத்தது.

"எனக்கு முடி எடுக்க வேணாமாம்மா. முருகன் கோச்சிக்க மாட்டாராம்."

"அப்படிங்களா சாமி?" என்று அம்மா அவரிடமே தமிழில் கேட்டாள். அவர் முகம் மலர்ந்து, ஒன்றுக்கு மூன்று தடவை தலையாட்டினார். என் பொய்க்கு அப்படி ஒரு சாட்சி அதற்கப்புறம் கிடைத்ததே இல்லை. அம்மா அவரைக் கும்பிட்டாள். அவர் சொன்ன அந்த வார்த்தைகளை வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மந்திரமென்று நினைத்துவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தோடு நாங்களும் படியேறினோம். என் சடையில் கனகாம்பரம். மொட்டை போடும் கொட்டகையில் அம்மா என்னை ஓரமாக நிறுத்திவிட்டு, தானே கத்திக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அது கொத்துக்கொத்தாக விழுந்தபோது நைனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழவில்லை. தப்பித்த சந்தோஷத்தில் அம்மாவின் தலைக்கு நானே சந்தனம் பூசினேன், தாராளமாக. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இறங்கி வந்ததும் டீக்கடையில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆறிப்போவுது, குடிடி" என்றவள், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் சிரிக்கிறாளே என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

நான் கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் மாமா சொன்னார்: "அன்னிக்கு மடத்துலேர்ந்து எறங்கும்போதே அக்கா என்னைக் கேட்டுது. அந்தச் சாமியார் சொன்னத அப்படியே சொல்லிக் காட்டுச்சு. 'டீ ஆறிப்போவுது, குடிம்மா'ன்னு அர்த்தம்க்கான்னேன். சிரிச்சுகினே, புள்ளைகிட்ட சொல்லிடாதடான்னுது."